கதவு திறக்கும்போது ஷெனாய்

விளாங்குடி, மதுரை.
சித்திரைத் திருவிழா முடிந்த மறு வாரம், 2004.

அன்புள்ள மாப்ள விஜய்ஆனந்துக்கு,

விளாங்குடியிலிருந்து உன் மச்சான் ஜனகராஜ் எழுதுவது. சென்னையில் நீயும் உன் மனைவி மக்களும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடாமல் சுகமாக இருக்க நம் பெருமாள் அருள் செய்யட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று உன் அக்கா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அது உண்மையா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நம் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம் என்றாலும், சுங்குடிச் சேலைக் கடை நடத்திய காலமெல்லாம் நூல்காரனுக்கும் சாயப்பட்டறைக்காரனுக்கும் கோபமாக எழுதிப் பழகியதில் எனக்குக் கோபம் தமிழில்தான் கோர்வையாக வருகிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் பெண் இந்துப்ரியாவின் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட வேண்டும். திருநகர் பாண்டுரங்கன் வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நீ, ஆகவே அவர்களிடம் போய்ச் சொல்கிற வேலையும் உன்னைச் சேர்ந்தது. மாப்பிள்ளைப் பையன் கோகுல்நாத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்பதே முதலில் எனக்குச் சந்தேகமாக இருந்தது, பெங்களூரில் ஆள் வைத்து விசாரித்தும் பார்த்துவிட்டேன், நல்ல பையன்தான். நம் பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. டெலிபோன் மணி அடித்தால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு ஓடுகிறாள். எல்லாம் சரி. ஆனால் அவனுடைய அப்பா இருக்கிறாரே, அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டு மிக்சரைத் தின்றுகொண்டு, என்னைச் செவிடன் என்று சொல்லிவிட்டார். காரணம் ஒரு ஷெனாய்.

பெண் பார்க்க வந்த அன்று நீ ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் கிளம்பிவிட்டாய். ஏன் சரியாக அப்போது கிளம்பினாய் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். நீ போன பிறகு பேச்சு சினிமாவுக்குத் திரும்பியது. 'பவழமல்லி வீடு' படத்தை நாங்கள் இரண்டு பேரும் வாலிபத்தில் ஒரே தியேட்டரில் பார்த்தவர்கள் என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டாய். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அண்ணன், தலை நரைத்துத் திரும்பி வந்து, கொட்டுகிற மழையில் சொந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவான். தம்பி திறப்பான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அத்தோடு படம் முடிந்துவிடும். "கதவு தொறந்ததும் ஒரு ஷெனாய் வரும் பாருங்க" என்றேன் நான். பாண்டுரங்கன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஷெனாயா? அங்க ஒரு சத்தமும் கெடையாதே. அம்புட்டு நேரமும் கப்சிப். அதுதானய்யா அந்தப் படத்துக்கே பெருமை" என்றார்.

மாப்ள, நான் சும்மா அழுகிற ஆள் இல்லை. என் கல்யாணத்தில் உன் அக்கா அழுதாள், உங்கள் அப்பா அழுதார், சமையல்காரர்கூட அழுதார், நான் அழவில்லை. ஆனால் அந்தத் தியேட்டரில் அழுதேன். அந்த வாரம்தான் எங்கள் அண்ணன் அப்பாவோடு முறைத்துக்கொண்டு பரமக்குடிக்குப் போயிருந்தான். ஆடிக்குள் திரும்பி வந்துவிட்டான், அது வேறு விஷயம். அன்றைக்கு அவன் வருவானா மாட்டானா என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவு திறந்து அந்த ஷெனாய் கிளம்பியதும், முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரர் என் முதுகைத் தட்டிக்கொடுக்கிற அளவுக்கு அழுதேன். ஷெனாய் இல்லையென்றால் நான் எதற்கு அழுதேன்? ஒரு மனிதன் நிசப்தத்துக்கா அழுவான்? இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை, எனக்கும் மானம் இருக்கிறது. "இல்லைங்க, ஷெனாய் உண்டு" என்று மட்டும் சொன்னேன். "இல்லைங்க, கெடையாது" என்றார் அவர். பெண்ணும் பையனும் மாடியில் பேசி முடித்து, சம்மதம் என்று சிரித்துக்கொண்டு இறங்கி வருகிற வரைக்கும் நாங்கள் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் எப்பேர்ப்பட்டவர் என்று எனக்குச் சொன்னதே நீதான். கூடல்நகர் ஸ்டேஷனில் ஏதோ ஒரு ரயில் நிற்குமா நிற்காதா என்ற வாக்குவாதத்தில் தோற்றுப்போய், அன்றிலிருந்து சொந்தத் தங்கை வீட்டு வாசலை மிதிக்காத மனிதர். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு உண்மை தெரிந்தால் போதும், ஆனால் அது தெரிந்தே ஆக வேண்டும்.

விளாங்குடி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வீடியோக் கடை வைத்திருக்கும் முத்திருளனிடம் அந்தப் படத்தின் பழைய கேசட் இருந்தது. வாங்கி வந்து, பரண் மேல் கிடந்த பழைய வீடியோ டெக்கைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். படம் முழுக்க எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போலத்தான் கேட்டது. போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். கதவைத் தட்டுகிற இடம் வந்ததும் திரையில் கோடு கோடாக ஓடி, 'கொய்ங்' என்று ஒரு இழுப்பு இழுத்தது. அது ஷெனாய்தான் என்று எனக்குப் பட்டது. உடனே திருநகருக்குப் போன் போட்டு ரிசீவரை டி.வி.யின் பக்கம் நீட்டினேன். கேட்டுவிட்டு பாண்டுரங்கன், "அது ஷெனாய் இல்லீங்க, டேப்பு அழுகுது" என்றார். முத்திருளனிடம் போய்ச் சண்டை போட்டேன். "அண்ணே, கடைசி சீனை ஊரே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துருக்குண்ணே. அந்த எடத்துல மட்டும் டேப்பு தேஞ்சு நூலாப் போச்சு. நா என்ன செய்ய?" என்றான். ஊரே திருப்பிப் பார்த்த இடம் மட்டும் தேயுமாம், நான் கேட்க வேண்டிய இடம் மட்டும் தேயுமாம். இவனுக்குத் திருநகரில் யாராவது சொந்தக்காரன் இருக்கிறானா என்று விசாரித்தேன். இல்லை என்று சொல்கிறான்.

அடுத்து டவுன்ஹால் ரோட்டில் வி.சி.டி. வாங்கினேன். அட்டையில் 'துல்லியமான புதிய ஒலி' என்று போட்டிருந்தது. புதிய ஒலி எனக்கு எதற்கு, பழைய ஒலிதானே வேண்டும் என்று அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கதவு திறந்தது, வாத்தியமும் வந்தது, ஆனால் கல்யாண வீடியோவில் தாலி கட்டும்போது போடுவார்களே, அந்தக் கீபோர்டு. முடிச்சுச் சுங்குடிக்கும் அச்சடித்த சுங்குடிக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் கடை நடத்தவில்லை. கையால் முடிச்சுப் போட்ட புள்ளி ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அந்த வி.சி.டி.யில் வந்த இசையோ எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, எல்லாம் அச்சு. போதாக்குறைக்கு, அண்ணன் மழையில் நிற்கும்போது எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. கேசட்டில் அந்த நாய் இல்லை. தியேட்டரிலும் நான் கேட்டதில்லை. இருந்தாலும் இசை என்று ஒன்று இருந்ததால்தானே இசையைப் போட்டிருக்கிறான் என்று பாண்டுரங்கனிடம் வாதாடினேன். அந்த மனிதர் அதற்குள் தானும் ஒரு வி.சி.டி. வாங்கிப் பார்த்திருந்தார். "நாயைச் சேத்தவன் இசையைச் சேக்கமாட்டானா?" என்று ஒரே கேள்வி. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான், உன் அக்கா போனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, நீ ஹோம் தியேட்டரும் டி.வி.டி.யும் அனுப்பினாய். அசல் ஒலியிலிருந்தே புதுப்பித்து எடுத்தது, இதில் உள்ளதுதான் கடைசித் தீர்ப்பு என்று சீட்டு வேறு எழுதி வைத்திருந்தாய். பாண்டுரங்கனும் இதற்குச் சம்மதித்தார். அவர் உடனே சம்மதித்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. நான் அந்த டி.வி.டி.யின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லோரும் கூடிய சபையில்தான் பிரிப்பது என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். முன்னாலேயே பிரித்தால் நான் ஏதோ செய்துவிட்டேன் என்பார், அவர் புத்தி எனக்குத் தெரியும், என் புத்தியும் அதேதான்.

ஹோம் தியேட்டரைத் திறந்தால் உள்ளே சின்னதும் பெரியதுமாக ஆறு ஸ்பீக்கர் பெட்டி. ஒரு ஹாலுக்கு ஆறு பெட்டி எதற்கு? கம்பெனிக்காரன் வேண்டாததையெல்லாம் நம் தலையில் கட்டியிருக்கிறான் என்று புரிந்துவிட்டது. நம் பழைய தெருப் பெருமாள் கோயில் புரட்டாசி உற்சவத்துக்கு இன்றைக்கும் மைக் செட் பொறுப்பு என்னுடையது என்பது உனக்குத் தெரியும். ஆறு குழாய் ஸ்பீக்கரையும் ஒரே கம்பத்தில் கட்டினால் காது கிழியும், மூலைக்கு ஒன்றாகக் கட்டினால் நாலு தெருவுக்கும் அதே பஜனை ஒரே மாதிரி கேட்கும். அந்த அனுபவத்தில், உற்சவத்துக்குக் குழாய் கட்டும் கருப்புவையே வரவழைத்து வீடு முழுக்க வயர் இழுத்தேன். தட்டையாக இருந்த பெட்டி டி.வி. தலைமேல் பாந்தமாக உட்கார்ந்ததால் அது ஹாலுக்கு. ஒன்று முற்றத்துக்கு அப்பால் இருக்கிற சமையலறைக்கு, உன் அக்காவும் பாவம், அடுப்படியிலிருந்தே படம் கேட்கட்டும். ஒன்று பூஜை அறைக்கு. ஒன்று வாசல் போர்டிகோவில், ஒன்று பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற இடத்தில். பெரிய பெட்டி எங்கும் அடங்கவில்லை, ஸ்டோர் ரூமில் அண்டாவுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டோம். "அண்ணே, பெருமாள் கோயிலுக்குக்கூட இம்புட்டு அம்சமாக் கட்டுனதில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான் கருப்பு. சோதனைக்கு ஒரு பஜனைத் தட்டைப் போட்டேன். பூஜை அறையிலும் சமையலறையிலும் கணீர் என்று கேட்டது, ஹாலில் சுத்தமாக இல்லை. சாமி பாட்டு ஹாலுக்கு எதற்கு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறது என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டுரங்கனும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். நடுவராகப் பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் சாரைக் கூப்பிட்டிருந்தேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பொய் சொல்ல வராது. ஹாலில் புழுக்கம் என்று போர்டிகோவில் நாற்காலி போட்டு ஜன்னல் வழியாகப் பார்க்க உட்கார்ந்தார். எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரித்தேன். படம் ஆரம்பித்தது. மாப்ள, அதை நான் எப்படிச் சொல்வேன். ஆட்கள் பேசுகிறார்கள், கண்ணாடி மாதிரிச் சுத்தமாகக் கேட்கிறது, ஆனால் ஒரு வாத்தியம் இல்லை. கதாநாயகன் தோட்டத்தில் ஓடி ஓடிப் பாடுகிறான், பின்னால் ஒரு தபேலா இல்லை, அநாதை மாதிரிப் பாடுகிறான். கதாநாயகி வீணை வாசிக்கிறாள், விரல் அசைகிறது, சத்தம் இல்லை. பாண்டுரங்கனோ, "இதான்யா ஒரிஜினலு. எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் மழை கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஹாலாஸ்யம் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஜனகராஜ், மழை பிடிச்சுண்டுடுத்து. மாடியில நாகலக்ஷ்மி வடாம் பிழிஞ்சு காயப் போட்டிருக்கா" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார். வெளியே சித்திரை வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்லப் பயந்துகொண்டு ஓடுகிறவர், அதற்காவது ஒரு நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள், "ஏ, போ நாயே, எங்கிட்டு நிக்குது பாரு கண்ணுலயே படாம" என்று விளக்குமாற்றோடு சுற்றிச் சுற்றி வருகிறாள், அங்கே நாயே இல்லை. ஸ்டோர் ரூமில் அண்டா கிடுகிடு என்று ஆடுகிறது, பெருச்சாளி என்று நினைக்கிறேன், பொறி வைத்திருக்கிறேன். இத்தனை இரைச்சலுக்கு நடுவே நான் மட்டும் டி.வி.யோடு ஒட்டி நின்றேன். அண்ணன் கதவைத் தட்டினான். தம்பி திறந்தான். ஒரு சத்தம் இல்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நாங்களும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 'சுபம்' என்று எழுத்து வந்துவிட்டது.

"சம்பந்தி, கல்யாணத்துக்கு முந்தி ஒரு காது டாக்டரைப் பாத்துருங்க. நாளைக்கு ஐயர் மந்திரம் சொல்றது கேக்கலைன்னு சண்டைக்கு வந்துரப் போறீங்க" என்று சொல்லிவிட்டு பாண்டுரங்கன் மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அதற்குள் சமையலறையிலிருந்து உன் அக்காவும் சம்பந்தியம்மாவும் வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் சிவந்து, மூக்கு சிவந்து, முந்தானை நனைந்திருக்கிறது. சம்பந்தியம்மா நம் பெண்ணின் தலையைத் தடவிவிட்டுக் காரில் போய் ஏறிவிட்டாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. இந்தச் சம்பந்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அதை உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். உன் அக்காவைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. அந்த ஷெனாயைக் கேட்டோம், தாங்க முடியல" என்கிறாள். ஹாலில் இல்லாத ஷெனாய் அடுப்படியில் வருமா? நான் தோற்றுவிட்டேன் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்கு ஆறுதல் சொன்னதே கிடையாது, ஆகவே விஷயம் நான் நினைப்பதைவிடப் பெரியது.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். பாண்டுரங்கனுக்குச் சென்னையில் சினிமாக் கம்பெனிப் பக்கம் யாரோ தெரிந்தவர் இருக்கிறார் என்று நீ ஒருமுறை சொன்னாய். டி.வி.டி. சென்னையிலிருந்து வந்தது. அனுப்பியது நீ. அவர் பேச்சு மூச்சில்லாமல் சம்மதித்தார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? நீ வேண்டுமென்று செய்தாய் என்று சொல்லவில்லை, உன்னை ஏமாற்றி வேறு தட்டைத் தந்திருக்கலாம். ஆனால் ஒரு படத்தில் இருந்த ஷெனாயைத் தனக்காகப் பிடுங்கி எறிகிறவர், நாளைக்கு என் பெண் ஒன்று சொன்னால் அதையும் இல்லை என்றுதானே சொல்வார்? அதுதான் என் பயம். மற்றதெல்லாம் கோபம், நாலு நாளில் போய்விடும். இந்தப் பயம் போகவில்லை. இந்துப்ரியாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். நீ வந்து, அவர்களிடமும் சொல்லி, அவளிடமும் சொல்லிவிடு. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் இல்லை. வரும்போது அந்த ஆறு பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போ.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் பிரஷர் இறங்கட்டும், கள்ளழகர் உன்னைக் காப்பாற்றட்டும். உன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் பிரியமுள்ள மச்சான்,
ஜனகராஜ்.

பின்குறிப்பு: மாப்ள, மேலே எழுதியது எதையும் நம்பாதே. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நீ என்னைத் திட்டவாவது வேண்டுமே என்று அப்படியே அனுப்புகிறேன்.

கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். உன் அக்கா அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பரவை மார்க்கெட்டுக்குப் போகிற நேரமெல்லாம் அவள் இந்துப்ரியாவிடம் சொல்லி அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டுக் கேட்கிறாளாம், இன்றைக்கு நான் வீட்டில் இருப்பதை மறந்துபோய்ப் போட்டுவிட்டார்கள். பருக்கையை விரலில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அரிசி டின்னுக்கு மேலே இருந்த பெட்டியிலிருந்து அது வந்தது. அதே ஷெனாய். முதலில் சன்னமாக, தயங்கித் தயங்கி, அப்புறம் தொண்டையைத் திறந்துவிட்டது போல. அச்சு இல்லை மாப்ள, முடிச்சு. நான் அழுதேன். கத்தரிக்காய்க்கு யாரும் அழமாட்டார்கள், ஆகவே சமாளிக்கவும் முடியவில்லை. ஹாலுக்கு ஓடினேன், நிசப்தம். சமையலறைக்கு ஓடினேன், ஷெனாய். பூஜை அறையைத் திறந்தேன், அங்கேயும் ஷெனாய். போர்டிகோவுக்குப் போனேன், மழை பெய்துகொண்டிருந்தது, அதாவது பெட்டிக்குள். பின்கட்டில் அந்த நாய், ஸ்டோர் ரூமில் அண்டாவை ஆட்டியதும் பெருச்சாளி இல்லை, அந்தப் பெரிய பெட்டிதான். ஆறு பெட்டியும் ஒரே பஜனையைப் பாடுவதில்லை மாப்ள, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது, ஹாலில் இருந்ததற்குப் பேச்சு மட்டும்தான், எல்லாவற்றையும் ஒரே ஹாலில் வைத்தால்தான் படம். ஹாலாஸ்யம் சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, வடாம் கொடுத்து அனுப்பினார்.

உடனே கருப்புவுக்குச் சொல்லி அனுப்பி, எல்லாப் பெட்டியையும் ஹாலில் கட்டி, பாண்டுரங்கனை வரவழைத்து உட்காரவைத்துக் காட்டிவிட வேண்டும் என்று செருப்பைப் போட்டேன். இந்துப்ரியா வாசலில் வந்து நின்றாள். "அப்பா, வேணாம்ப்பா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன். "பஜனை போட்ட அன்னிக்கே தெரியும். அவருகிட்டயும் போன்ல சொன்னேன். நீங்க தோத்தா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அஞ்சாம் நாள் சரியாயிருவீங்க. அவங்கப்பா தோத்தா கல்யாணமே நின்னுரும். அதான் ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டோம்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

திருநகருக்குப் போன் செய்தேன். "சம்பந்தி, நீங்க சொன்னதுதான் சரி. அங்க ஷெனாய் கெடையாது" என்றேன். அதற்கு அவர், "நா அன்னிக்கி காது டாக்டருன்னு சொன்னது தப்புங்க. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நம்ம புள்ளைக இதுனால கெட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்டம்மா வேற ஷெனாய் கேட்டுச்சுன்னே சாதிக்கிறா. இந்தப் பொம்பளைகளுக்கு என்னங்க தெரியும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாக்கில் இன்னும் பல் பட்ட தழும்பு இருக்கிறது.

நிச்சயதார்த்தம் அவர்கள் பார்த்த அதே நாளில், இதே வீட்டில் நடக்கும். சாப்பாடு முடிந்ததும் உறவினர் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து அந்தக் கடைசிக் காட்சியைப் போட்டு, நிசப்தம் என்றால் என்ன என்று தானே விளக்கப் போவதாகச் சம்பந்தி சொல்லியிருக்கிறார். பெட்டிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஒன்றையும் நீ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பூஜை அறைக் கதவை மட்டும் சாத்திவிடுவேன். நீ முதல் நாளே குடும்பத்தோடு வந்துவிடு. அண்ணன் கதவைத் தட்டும்போது நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து சமையலறைக்குப் போவேன். உன் அக்காவும் சம்பந்தியம்மாவும் அங்கே இருப்பார்கள். நீயும் சத்தம் போடாமல் என் பின்னாலேயே வா.